விதி, குறி, காரணம்: அடைப்புக்குறியின் வரலாறு

பள்ளி இயற்கணிதத்தில் ஒரு கட்டம் உண்டு. அதுவரை எண்களோடு இணக்கமாக இருந்த பிள்ளைகள் பலர் அங்கேதான் கணக்கைவிட்டு விலகத் தொடங்குகின்றனர். 'அடைப்புக்குறிகளை நீக்கிச் சுருக்குக' என்று வினா வரும். அடைப்புக்கு முன்னால் கூட்டல்குறி இருந்தால் உள்ளே இருப்பவை அப்படியே வெளியே வரும். கழித்தல்குறி இருந்தால் உள்ளே உள்ள குறிகள் எல்லாம் தலைகீழாகும். கழித்தலும் கழித்தலும் பெருகினால் கூட்டல். ஏன் அப்படி என்று கேட்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, 'அதுதான் விதி' என்பதே.

இந்த விடையால் மனம் நொந்தவர்களுள் ஒருவர் பின்னாளில் பெரும் நாவலாசிரியரானார். பிரான்சின் கிரனோபிள் நகரில் 1783இல் பிறந்த ஸ்டெந்தால், 1835-36இல் எழுதிய 'ஹென்றி புருலாரின் வாழ்க்கை' என்னும் தன்வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்நூல் அவர் இறந்து பல்லாண்டுகளுக்குப் பின், 1890இல்தான் அச்சேறியது. பாசாங்குக்கு இடமில்லாத ஒரே துறை என்று நம்பிக் கணிதத்தை நேசித்த சிறுவன் அவர். கழித்தலும் கழித்தலும் சேர்ந்து எப்படிக் கூட்டலாகும் என்று ஆசிரியர்களிடம் கேட்டார். பத்தாயிரம் பிராங்க் கடனை ஐந்நூறு பிராங்க் கடனால் பெருக்கினால் ஐம்பது லட்சம் பிராங்க் சொத்து எப்படி வரும் என்பது அவருடைய ஐயம். எவரும் நிறைவளிக்கும் விடை தரவில்லை. அதைவிட, கேள்வியே பொருட்படுத்தப்படவில்லை என்பதுதான் அவரை வருத்தியது.

அந்தச் சிறுவனின் ஐயம் பேதைமை அன்று. அடைப்புக்குறியின் வரலாற்றைப் பார்த்தால், மனித குலம் முதலில் விதியை அறிந்தது. பல நூற்றாண்டுகள் கழித்துக் குறியைக் கண்டுபிடித்தது. காரணத்தைத் தெளிவாகச் சொன்னது எல்லாவற்றுக்கும் பிறகுதான். நம் வகுப்பறைகள் குறியில் தொடங்குகின்றன, விதிக்கு வருகின்றன, அங்கேயே நின்றுவிடுகின்றன.

1. விதி

அடைப்பை விரித்தல் என்பது கணிதத்துக்கு மட்டும் உரிய செயல் அன்று. 'பழைய நூல்களும் ஓலைகளும்' என்று ஒருவர் எழுதினால் ஓலைகளும் பழையனவா, நூல்கள் மட்டும்தானா? 'பழைய' என்னும் அடை இரண்டையும் தழுவுகிறது என்று கொண்டால், 'பழைய நூல்களும் பழைய ஓலைகளும்' என்று விரிக்கிறோம். 'கபிலபரணர்' என்னும் தொகையைக் 'கபிலரும் பரணரும்' என்று விரித்துப் பழகியவர்களுக்கு இச்செயல் புதிதாகத் தோன்றாது. கணிதம் இதையே க(ச + த) = கச + கத என்று எழுதுகிறது. வெளியே நிற்கும் ஒன்று உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் சென்று சேர்கிறது. மொழியில் இது ஐயத்துக்கு இடம் தரலாம். கணிதத்தில் தரக் கூடாது.

இவ்விதியின் பழைய வடிவம் யூக்ளிடின் இரண்டாம் புத்தகத்தின் முதல் தேற்றத்தில் இருக்கிறது. காலம் கி.மு. 300ஐ ஒட்டியது. இரண்டு நேர்க்கோடுகளில் ஒன்றை எத்தனை துண்டுகளாக வெட்டினாலும், முழுக்கோடுகள் இரண்டும் அமைக்கும் செவ்வகத்தின் பரப்பு, வெட்டாத கோட்டோடு ஒவ்வொரு துண்டும் அமைக்கும் செவ்வகங்களின் பரப்புகளைக் கூட்டியதற்குச் சமம் என்கிறது அது. எழுத்தில்லை, குறியில்லை, அடைப்பில்லை. படமும் சொல்லும் மட்டுமே. ஆனால் க(ச + த) அங்கே முழுமையாக இருக்கிறது.

கழித்தல் கலந்த விதியும் பழையதே. கி.பி. மூன்றாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் டயோஃபாண்டஸ், குறைவைக் குறைவால் பெருக்கினால் மிகுதி வரும் என்று காரணம் சொல்லாமலே குறிப்பிடுகிறார். 628இல் 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' இயற்றிய பிரம்மகுப்தர், தனம், ருணம், பூச்சியம் என மூன்றுக்கும் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை வரிசையாகத் தந்தார். தனம் என்றால் செல்வம், ருணம் என்றால் கடன். ருணமும் ருணமும் பெருகினால் தனம் என்பது அவற்றுள் ஒன்று. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து ஸ்டெந்தாலைக் குழப்பியது இதே உவமைதான் என்பது கவனிக்கத்தக்கது.

விதியைச் செயலில் காட்டியவர் அல்-குவாரிஸ்மி. பாக்தாதில் கலீஃபா அல்-மாமூன் ஆட்சியில் (813-833) அவர் எழுதிய நூலின் பெயரிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்லே ஐரோப்பிய மொழிகளில் இயற்கணிதத்தின் பெயராயிற்று. அந்த நூலில் எண்கள்கூடச் சொற்களாகவே வருகின்றன. அவர் எடுத்துக்கொண்ட கணக்குகளுள் ஒன்று: பத்தில் ஒன்று குறைந்ததைப் பத்தில் ஒன்று குறைந்ததால் பெருக்குவது. பத்தும் பத்தும் பெருகி நூறு. குறையும் ஒன்று பத்தோடு பெருகிக் குறையும் பத்து. மற்றப் பக்கத்திலும் அவ்வாறே குறையும் பத்து. மிஞ்சுவது எண்பது. குறையும் ஒன்றும் குறையும் ஒன்றும் பெருகிக் கூடும் ஒன்று. ஆக எண்பத்தொன்று. ஒன்பதை ஒன்பதால் பெருக்கினாலும் அதுவே.

இதைத் துணியில் பார்க்கலாம். பக்கத்துக்குப் பத்து முழம் உள்ள ஒரு சதுரத் துணி. வலப்புறம் ஒரு முழ அகலத்தில் ஒரு பட்டையையும், கீழ்ப்புறம் ஒரு முழ அகலத்தில் ஒரு பட்டையையும் நீக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையும் பத்துச் சதுர முழம். நூறில் இருபதைக் கழித்தால் எண்பது. ஆனால் கையில் மிஞ்சும் துணி ஒன்பதுக்கு ஒன்பது, அதாவது எண்பத்தொன்று. இரண்டு பட்டைகளும் சந்திக்கும் மூலைச் சதுரத்தைக் கணக்கில் இரண்டு முறை கழித்துவிட்டோம். துணியில் ஒரு முறைதான் வெட்ட முடியும். ஆகவே ஒரு முறை திருப்பித் தந்தாக வேண்டும். 'கழித்தலும் கழித்தலும் கூட்டல்' என்பதன் முதற்பொருள் இந்தத் திருப்பித் தருதல்தான்.

இன்னும் எளிய நிகழ்வு கடைத்தெருவில் நடக்கிறது. இருபது ரூபாயோடு போனவர் எட்டு ரூபாய்ப் பொருளை மூன்று ரூபாய் தள்ளுபடியில் வாங்குகிறார். 20 − (8 − 3). எட்டைக் கொடுத்து மூன்றைத் திரும்பப் பெறுவது 20 − 8 + 3, அதாவது 15. உள்ளே இருந்த கழித்தல் வெளியே கூட்டலாக வந்ததில் மாயம் ஏதுமில்லை. கொடுக்க வேண்டியதில் குறைவது கையில் கூடுகிறது.

2. குறி

விதி இவ்வளவு பழையதாக இருக்க, குறி ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? தேவை இல்லாததால்தான். ஐந்தை, மூன்றும் நான்கும் சேர்ந்ததால் பெருக்கு என்றால், கணக்கர் முதலில் மூன்றையும் நான்கையும் கூட்டி ஏழாக்கிவிடுவார். கூட்டி முடிக்கக்கூடிய ஒன்றை மூட்டை கட்டித் தூக்கிச் செல்ல எவருக்கும் அவசியமில்லை. கூட்டி முடிக்க முடியாத ஒன்று எதிர்ப்படும்போதுதான் கயிறு வேண்டும்.

அப்படி முதலில் எதிர்ப்பட்டவை மூலங்கள். பதினான்கோடு 180இன் வர்க்கமூலத்தைக் கூட்டி, அந்தத் தொகை முழுவதற்கும் வர்க்கமூலம் காண்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் இரண்டும் ஓர் எண்ணாக ஒடுங்க மறுக்கின்றன. மூலக்குறி எதுவரை செல்லும் என்று காட்டியாக வேண்டும். பிரெஞ்சுக்காரரான நிக்கோலா ஷூகே 1484இல் எழுதிய கையெழுத்துப் படியில் இத்தகைய தொகுதியின் அடியில் கோடிட்டுக் காட்டினார். அந்தப் படி 1880 வரை அச்சேறவில்லை.

இத்தாலியரான ரஃபேல் பொம்பெல்லி 1572இல் வெளியிட்ட இயற்கணித நூலில், இலத்தீன் எழுத்து 'எல்'லைத் தொடக்கத்திலும் அதையே திருப்பிப் போட்டு முடிவிலும் வைத்தார். இன்றைய சதுர அடைப்பின் பாதி உருவம் அது. எந்த இடத்தில் அவருக்கு இது தேவைப்பட்டது என்பது சுவையானது. இரண்டோடு −121இன் வர்க்கமூலத்தைக் கூட்டி, அத்தொகைக்குக் கனமூலம் காண வேண்டியிருந்தது. இல்லாத எண்ணென்று எல்லோரும் ஒதுக்கிய ஒன்று உள்ளே இருக்கிறது. அது இன்னதென்று தெரியாமலே அதை மூட்டையாகக் கட்டி, கணக்கின் வழியே கொண்டுசென்று, இறுதியில் 4 என்னும் எளிய விடையைப் பெற்றார். உள்ளே இருப்பது புரியாதபோதும் அதை ஒன்றாகக் கையாளலாம் என்னும் துணிவை அந்தக் குறி தந்தது.

அடுத்த திருப்பம் பிரான்சுவா வியத் 1591இல் வெளியிட்ட சிறுநூல். தெரியாத அளவுகளை உயிரெழுத்துகளாலும் தெரிந்த அளவுகளை மெய்யெழுத்துகளாலும் குறிக்கலாம் என்றார் அவர். தெரியாததற்குப் பெயரிடுவது முன்பே இருந்தது. தெரிந்ததற்கும் எழுத்தை இட்டதே புதுமை. இதன் விளைவு பெரிது. மூன்றும் நான்கும் ஏழாகும். கவும் சவும் க + ச ஆகவே நிற்கும். இனி ஒவ்வொரு கூட்டலும் கூட்டி முடிக்க முடியாத கூட்டல்தான். எனவே அடைப்புக்குறி அரிய இடத்துக்கான கருவி என்னும் நிலை மாறி, அன்றாடத் தேவையாயிற்று.

தேவை வந்தபின் ஒருமைப்பாடு வர நூறாண்டுக்கு மேல் ஆனது. வியத் 1593இல் நெளிவடைப்பைப் பயன்படுத்தினார். கிளாவியஸ் 1608இலும் ஆல்பெர் ஜிரார் 1629இலும் வளைந்த பிறைக்கோடுகளை இட்டனர். இங்கிலாந்தின் ஆட்ரெட் 1631இல் முக்காற்புள்ளிகளால் தொகுதியைக் காட்டினார். தெகார்த் 1637இல் வெளிவந்த தம் வடிவகணித நூலில், மூலக்குறியின் தலையிலிருந்து ஒரு கோட்டை வலப்புறம் நீட்டினார். தொகுதியின் தலைமேல் கோடிடும் வழக்கம் அந்நூற்றாண்டில் பரவலாக இருந்தது. இன்று நாம் வர்க்கமூலக் குறியை எழுதும்போது மேலே நீட்டும் கோடு அந்த வழக்கத்தின் எச்சம். பிள்ளைகள் அதை மூலக்குறியின் உறுப்பென்று எண்ணுகின்றனர்; உண்மையில் அது ஓர் அடைப்புக்குறி.

மேற்கோட்டைப் பிறைக்கோடு வென்றதற்குக் கணிதக் காரணம் இல்லை. ஈய எழுத்துகளை வரிசையாக அடுக்கிய அச்சகங்களில், எழுத்துகளின் தலைமேல் கோடு வைப்பது கூடுதல் உழைப்பு; வரிகளுக்கிடையே இடமும் வீணாகும். பிறைக்கோடோ மற்ற எழுத்துகளோடு ஒரே வரியில் அமர்ந்துவிடும். லைப்னிட்ஸ் இதை நன்கு உணர்ந்தவர். லைப்சிக்கிலிருந்து வெளிவந்த 'ஆக்டா எருடிட்டோரம்' என்னும் அறிஞர் இதழ் 1708இல், இனி மேற்கோட்டுக்குப் பதிலாக அவர் வழியில் பிறைக்கோடுகளையே பயன்படுத்தப் போவதாக அறிவித்தது. பின்னர் ஆயிலரின் எண்ணற்ற எழுத்துகள் அந்த வழக்கத்தை நிலைநிறுத்தின.

ஆனால் பிறைக்கோடு கணிதர்களின் படைப்பு அன்று. இலக்கியவாதிகளிடமிருந்து சென்றது அது. ஃபிளாரன்சின் மனிதநேய அறிஞர் கொலூச்சியோ சலுத்தாத்தியின் 1399ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியில்தான் இக்குறியின் மிகப் பழைய தோற்றத்தை ஆய்வாளர்கள் காண்கின்றனர். பின்னர் எராஸ்மஸ் அதற்குச் 'சிறு பிறை' என்று பொருள்படும் 'லூனுலா' என்னும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். நாமும் பிறைக்கோடு என்றே சொல்கிறோம். கண் ஒன்றைத்தான் கண்டிருக்கிறது.

குறி இடம் மாறியபோது அதன் தொழிலும் மாறியது. உரைநடையில் பிறைக்கோட்டுக்குள் இருப்பது ஒதுக்கிவைக்கப்பட்டது. அதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். கணிதத்தில் பிறைக்கோட்டுக்குள் இருப்பது பிணைத்துவைக்கப்பட்டது. அதைத் தொடாமல் கணக்கு நகராது. வாசிப்பில் பழகிய பிள்ளை கணக்கின் அடைப்பைத் துணைக்குறிப்புபோல எண்ணித் தாண்டிப் போவதுண்டு. 5(க + 2) என்பதை 5க + 2 என்று எழுதும் பிழையில், ஐந்து முதல் உறுப்பைத் தொட்டதோடு களைத்து நின்றுவிடுகிறது. அது கவனக்குறைவு மட்டும் அன்று. ஒரே உருவம் இரண்டு மொழிகளில் இரண்டு பொருள் தருவதன் விளைவும்கூட.

3. காரணம்

பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் விதியும் இருந்தது, குறியும் இருந்தது. காரணம் இல்லை. துணிக்கணக்கு பத்தில் ஒன்றைக் கழிப்பதற்குப் பொருந்தும். ஒன்றில் பத்தைக் கழித்தால்? −9 தனித்து நிற்கும்போது அதற்குப் பொருள் என்ன? அதை இன்னொரு −9ஆல் பெருக்குவதென்றால் எந்தத் துணியை எங்கே வெட்டுவது?

இங்கிலாந்தில் சிலர் இதை வெளிப்படையாகவே மறுத்தனர். பிரான்சிஸ் மசேரஸ் 1758இல் கழித்தல்குறியின் பயன்பாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதைத் தவிர வேறெதற்கும் அக்குறியைப் பயன்படுத்தலாகாது என்று வாதிட்டார். வில்லியம் ஃபிரெண்ட் 1796இல் எதிர்மறை எண்களே இல்லாத ஓர் இயற்கணித நூலை எழுதினார். இவர்கள் கணக்கு வராதவர்கள் அல்லர். பொருள் சொல்ல முடியாத ஒன்றை விதி என்று ஏற்க மறுத்தவர்கள். ஸ்டெந்தாலின் கேள்வியைக் கேட்க அறிவுலகிலும் ஆள் இருந்தது.

ஃபிரெண்டின் மகள் சோபியாவை 1837இல் மணந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். 1806 ஜூன் 27 அன்று மதுரையில் பிறந்தவர் அவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றினார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றுவிட்டதால் மதுரைக்கும் அவருடைய கணிதத்துக்கும் உறவு கற்பிக்க இடமில்லை. மாமனார் மறுத்த எண்களுக்கு மருமகன் நியாயம் தேடினார் என்பதுதான் இங்கே முக்கியம்.

கணிதம் கற்பதிலுள்ள சிக்கல்கள் பற்றி 1831இல் எழுதிய நூலில் டி மார்கன் ஒரு கணக்கைத் தருகிறார். தந்தைக்கு வயது 56, மகனுக்கு 29. இன்னும் எத்தனை ஆண்டில் தந்தையின் வயது மகன் வயதைப் போல் இருமடங்காகும்? ஆண்டுகளைக் க என்று கொண்டால், 56 + க = 2(29 + க). அடைப்பை விரித்தால் 56 + க = 58 + 2க. சுருக்கினால் க = −2. இன்னும் 'கழித்தல் இரண்டு' ஆண்டு என்பது பேச்சில் பிதற்றல். ஆனால் இரண்டு ஆண்டுக்கு முன் தந்தைக்கு 54, மகனுக்கு 27. கேள்வியில்தான் பிழை: 'இனி எப்போது' என்று கேட்கப்பட்ட இடத்தில் 'முன்பு எப்போது' என்று கேட்டிருக்க வேண்டும். அடைப்பை விரிக்கும் விதியை நேர்மையாகப் பின்பற்றினால், தவறான கேள்வியையும் அது திருத்திக் காட்டுகிறது.

டி மார்கனுக்குக் கேம்பிரிட்ஜில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் பீகாக் 1830இல் இன்னொரு வழியைத் திறந்திருந்தார். எண்களில், பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் வரம்புக்குள், சரியாக இருக்கும் வடிவங்கள் அந்த வரம்பைத் தாண்டியும் நிலைக்கும் என்று கொள்வோம் என்றார். அதற்கும் முன்பு, 1814இல், பிரெஞ்சுக் கணிதர் பிரான்சுவா-ஜோசப் செர்வுவா, அடைப்பை விரிக்கும் பண்புக்கு ஒரு பெயர் சூட்டியிருந்தார். அதையே நம் பாடநூல்கள் பங்கீட்டுப் பண்பு என்கின்றன. யூக்ளிட் காலந்தொட்டு எல்லோரும் செய்துவந்த ஒன்றுக்குப் பெயர் வர ஏறத்தாழ இரண்டாயிரத்து நூறு ஆண்டுகள் ஆயின. பெயர் வந்தபின்தான் அதைத் தனியே எடுத்துப் பார்க்க முடிந்தது.

அப்படிப் பார்த்தால் காரணம் சில வரிகளில் அடங்குகிறது. 5ஐயும் −5ஐயும் கூட்டினால் பூச்சியம். பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம். ஆகவே (−3)(5 + (−5)) பூச்சியம்தான். இப்போது அடைப்பை விரிப்போம். முதல் பகுதி (−3) × 5, அதாவது −15. இரண்டாம் பகுதி (−3) × (−5). இரண்டும் சேர்ந்து பூச்சியமாக வேண்டும். −15ஓடு எதைக் கூட்டினால் பூச்சியம்? 15ஐத்தான். வேறு விடைக்கு வழியில்லை.

ஆக, கழித்தலும் கழித்தலும் கூட்டலாவது தனியாக வானிலிருந்து இறங்கிய கட்டளை அன்று. நேர் எண்களில் நாம் கண்கூடாகக் கண்ட பங்கீட்டை எதிர் எண்களிலும் கைவிடுவதில்லை என்று முடிவு செய்தால், அந்த முடிவுக்கு நாம் தரும் விலை அது. வேறு விதி வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் அப்போது அடைப்பை விரிக்கும் உரிமையை இழப்போம். அதை இழந்தால் 56 + க = 2(29 + க) என்பதைத் தீர்க்கவும் முடியாது.

ஸ்டெந்தாலுக்கும் இப்போது விடை சொல்லலாம். கடனைக் கடனால் பெருக்குவதற்குப் பொருளே இல்லை. பிராங்கைப் பிராங்கால் பெருக்குவதற்கும் பொருள் இல்லை. ஒரு கடனை இத்தனை முறை நீக்குவது என்பதற்குப் பொருள் உண்டு. ஒருவருக்கு ஐந்து பிராங்க் கடன்சீட்டுகள் பல இருக்கின்றன. அவற்றுள் மூன்றைக் கிழித்துவிட்டால் அவர் நிலை பதினைந்து பிராங்க் உயர்கிறது. ஒரு கழித்தல் கடனைச் சொல்கிறது, மற்றது கிழிப்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒரே குறியால் எழுதப்படுவதால் ஒன்றெனத் தோன்றுகின்றன.

விதி, குறி, காரணம் என்னும் வரலாற்று வரிசையை வகுப்பில் அப்படியே நடத்த வேண்டும் என்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு நம்மிடம் பாடவேளை இல்லை. ஆனால் 20 − (8 − 3) என்னும் கடைக்கணக்கும் பத்து முழத் துணியும் ஒரு பாடவேளைக்குள் அடங்கும். 'ஏன்' என்று கேட்டு நின்றுவிடும் பிள்ளையை மந்தம் என்று ஒதுக்குவதற்கு முன், மசேரஸும் ஃபிரெண்டும் அதே இடத்தில்தான் நின்றார்கள் என்பதை ஆசிரியர் நினைத்துக்கொள்ளலாம். விதியை மனப்பாடம் செய்து முன்னே போனவர்களைவிட, அங்கே நின்று கேட்டவர்களின் பிடிவாதத்தால்தான் காரணம் கிடைத்தது.